பின்பனியில் வண்ணத்துப்பூச்சிக்கு எதை நடுவது, புழுவை எங்கே வளர்ப்பது?

உறைபனி விழாத வெப்பப் பகுதிகளில் வீட்டுத்தோட்டம் வைத்திருப்பவர்களுக்குப் பின்பனிக்காலம் அருமையான சமயம். இரவில் குளிர் இன்னும் மிச்சமிருக்கும். ஆனால் பகல் நீளத் தொடங்கிவிடும், மண்ணும் சூடேற ஆரம்பிக்கும். எலுமிச்சையும் கறிவேப்பிலையும் தளிர் விடும். அந்தத் தளிரைத் தேடித்தான் பெண் பூச்சி முட்டையிட வருகிறது. இப்போது நடும் கன்று கோடை உச்சிக்குப் போவதற்குள் வேர் பிடித்துக்கொள்ளும். இதையே கோடையில் நட்டால் பாதி உழைப்பு தண்ணீர் ஊற்றுவதிலேயே போய்விடும்.

இருக்கும் இடமோ நாலு தொட்டி, அல்லது சுவரோரம் ஒரு சின்னப் பாத்தி. அதில் பூச்செடி வைப்பதா, புழு தின்னும் செடி வைப்பதா? கன்று வாங்குவதா, விதை போடுவதா? முட்டை வந்த பிறகு அதை எடுத்து வீட்டுக்குள் வளர்ப்பதா, செடியிலேயே விட்டுவிடுவதா? இந்தக் கேள்விகளைத் தனித்தனியாகப் பார்க்க முடியாது. புழுவை எங்கே வளர்க்கப் போகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் என்ன நடுவது, எத்தனை நடுவது என்பதெல்லாம் முடிவாகும்.

பூவா, இலையா?

பலரும் முதலில் பூச்செடிதான் வாங்குகிறார்கள். அது இயல்புதான், வண்ணத்துப்பூச்சி பூவில் உட்கார்வதைத்தானே பார்த்திருக்கிறோம். ஆனால் பூ மட்டும் இருக்கும் தோட்டத்துக்குப் பூச்சி வரும், தேன் குடிக்கும், போய்விடும். தங்கி முட்டையிட வேண்டுமென்றால் அதன் புழு தின்னக்கூடிய இலை அங்கே இருக்க வேண்டும். ஒவ்வொரு இனத்தின் புழுவும் குறிப்பிட்ட சில செடிகளைத்தான் தின்னும். எருக்கிலை தின்னும் வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழுவை எலுமிச்சை இலையில் விட்டால் பட்டினி கிடந்து சாகும்.

அதனால் இடம் குறைவாக இருந்தால் மூன்றில் இரண்டு பங்கைப் புழுவுக்கும் ஒரு பங்கைப் பூவுக்கும் கொடுப்பேன். தேன் குடிக்கப் பூச்சி பக்கத்துத் தோட்டத்துக்கும் பறந்து போகும். புழுவால் அப்படிப் போக முடியாது.

பூவில் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. ஜினியா, காஸ்மாஸ் இரண்டையும் நேரடியாக மண்ணில் விதைக்கலாம். மண் ஓரளவு சூடாக இருந்தால் ஜினியா ஒரு வாரத்துக்குள் முளைத்து, இரண்டு மாதத்தில் பூத்துவிடும். ஒற்றை அடுக்கு இதழ் உள்ள ரகமாகப் பார்த்து வாங்குங்கள். பல அடுக்கு ரகங்களில் தேன் இருக்கும் நடுப்பகுதியை இதழ்களே மூடிக்கொள்ளும். இட்லிப்பூ நிரந்தரமாக நிற்கும் புதர். அதன் நீண்ட குழாய்ப் பூவில் அழகி என்று பெயர்பெற்ற பெரிய வண்ணத்துப்பூச்சி வகைகள் வந்து சிறகடித்துக்கொண்டே குடிக்கும். தரையில் தானாக முளைக்கும் வெட்டுக்காயப் பூண்டைக் களையென்று பிடுங்காதீர்கள். அந்தச் சின்ன மஞ்சள் பூவுக்கு வரும் கூட்டம் விலை கொடுத்து வாங்கிய பல செடிகளுக்கு வராது. உண்ணிச்செடி மட்டும் வேண்டாம். வண்ணத்துப்பூச்சிக்கு அதைப் பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த அந்தச் செடி, பறவைகள் பழத்தைத் தின்று விதையைப் பரப்புவதால், காடுகளுக்குள் புகுந்து மற்ற செடிகளை எழவிடாமல் செய்கிறது.

எந்தப் புழுச்செடி?

ஒரே ஒரு தொட்டிக்குத்தான் இடம் என்றால் என் தேர்வு கறிவேப்பிலை. அதற்கடுத்து எலுமிச்சை. இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள், எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி இரண்டு இனத்துக்கும் உணவு. தொட்டியில் ஆண்டுக்கணக்கில் நிற்கும், கிள்ளக் கிள்ளத் தளிர்க்கும். பின்பனியில் நுனிகளைக் கிள்ளிவிட்டால் சில வாரங்களில் இளந்தளிர் கிடைக்கும். பெண் பூச்சி தளிரில்தான் ஒவ்வொரு முட்டையாக வைத்துவிட்டுப் போகும். வெளிர் மஞ்சளில், கடுகை விடச் சின்ன உருண்டை. வெயில் நாளில் மூன்று நான்கு நாளில் பொரிக்கும். வெளிவரும் புழு பார்ப்பதற்கு அப்படியே பறவை எச்சம் மாதிரி இருக்கும், கரும்பழுப்பில் வெள்ளைத் திட்டு. பறவைகளை ஏமாற்றத்தான் இந்த வேஷம். நான்கு முறை தோலுரித்து ஐந்தாம் பருவத்துக்கு வரும்போது பச்சையாகிவிடும். அப்போது தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை மாதிரி ஒரு செந்நிறக் கொம்பை நீட்டும், கூடவே ஒரு காரமான நெடி வரும். கடிக்காது, கொட்டாது. அவ்வளவுதான் அதன் ஆயுதம்.

இதில் ஒரே சிக்கல் இலையின் அளவு. புழு தன் வாழ்நாளில் தின்னும் இலையில் பெரும்பங்கை அந்தக் கடைசிப் பருவத்தில்தான் தின்னும். சின்னக் கன்றில் ஏழெட்டு முட்டை இருந்தால் முதல் வாரம் முழுக்க எல்லாம் நன்றாகப் போவது போலத் தெரியும். அப்புறம் இரண்டே நாளில் குச்சி மட்டும் மிஞ்சும். அதனால் ஒரு பெரிய எலுமிச்சை அல்லது மூன்று நான்கு கறிவேப்பிலைத் தொட்டி என்று சேர்த்து வைப்பது நல்லது.

வெயில் நன்றாக விழும் மண் தரை கொஞ்சம் இருந்தால் எருக்கு வையுங்கள். வெந்தய வரியனுக்கு அதைப் போல ஒரு செடி இல்லை. இலை பெரிது, தடிமன், சீக்கிரம் தீராது. புழு மிக அழகு. கருப்பு, வெள்ளை, மஞ்சள் வரிகளோடு முதுகில் மூன்று ஜோடி மெல்லிய கொம்புகள் இருக்கும். பச்சைக் கூட்டுப்புழு பொன் புள்ளிகளோடு தலைகீழாகத் தொங்கும். செடியின் நச்சை உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் பெரும்பாலும் இதைத் தொடாது. ஆகவே திறந்த வெளியில் பிழைக்கும் வாய்ப்பு எலுமிச்சை அழகியை விட இதற்குக் கொஞ்சம் கூடுதல். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழியைப் பாதிக்கும். இலை ஒடித்த கையால் கண்ணைத் தொடக் கூடாது, சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் நடைபாதை ஓரம் வைக்கக் கூடாது.

எருக்குக்குப் பதிலாக அதன் உறவான, சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் வெப்பமண்டல மில்க்வீட் செடியைப் பலர் விரும்புகிறார்கள். அதற்குக் காரணமும் இருக்கிறது. விதையிலிருந்து வேகமாக வரும், தொட்டிக்குள் அடங்கும், இலை புழுவுக்கும் பூ பூச்சிக்கும் ஆகும். ஆனால் குளிரில் பட்டுப்போகாத இடங்களில் அது ஆண்டு முழுவதும் பச்சையாகவே நிற்கிறது. அங்கேதான் பிரச்சினை. வட அமெரிக்காவில் வலசை போகும் மொனார்க் வண்ணத்துப்பூச்சி, அதன் உறவான குயீன் போன்ற இனங்களைத் தாக்கும் ஓ.இ. என்ற ஒட்டுண்ணியின் வித்துகள் பூச்சியின் உடம்பிலிருந்து உதிர்ந்து இலையிலும் முட்டையிலும் படிகின்றன. புழு அவற்றை இலையோடு சேர்த்துத் தின்றுவிடுகிறது. செடி ஒருமுறை கூடப் பட்டுப்போகாததால் இலைகளில் வித்து சேர்ந்துகொண்டே போகும். கடுமையாகத் தாக்கப்பட்ட பூச்சி கூட்டை விட்டு முழுதாக வெளிவர முடியாமல் மாட்டிக்கொள்ளும், வந்தாலும் சிறகு சுருங்கியிருக்கும். மொனார்க் இருக்கும் பகுதியில் வாழ்பவர்கள் அந்தந்த ஊரின் சொந்த மில்க்வீட் இனத்தைத் தேடி நடுவதே மேல். ஏற்கெனவே இந்தச் செடி நிற்கிறதென்றால், முட்டையும் புழுவும் இல்லாத சமயம் பார்த்துத் தரையிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டிவிடுங்கள். பின்பனி முடிவதற்குள் இந்த வேலை முடிந்துவிட்டால் புதுத் தளிர் சுத்தமாக வரும்.

வேலியோரத்துக்கு அரளி. குச்சி ஊன்றினாலே வரும், வெண்புள்ளிக் கருப்பன் என்ற வண்ணத்துப்பூச்சி அதில் முட்டையிடும், கூட்டுப்புழு உருக்கிய உலோகம் போல மின்னும். செடி முழுக்க நச்சு, ஆடு மாடு பொதுவாக வாய் வைக்காது. நாய் பூனை கடித்துப் பார்க்கும் வீடென்றால் விட்டுவிடலாம். பெரிய நிலம் இருப்பவர்கள் ஒரு கொன்றை மரம் நடலாம், மஞ்சளும் வெள்ளையுமான பூச்சிகள் அதைச் சுற்றியே இருக்கும். தொட்டிக்கு அது சரிவராது.

ஈசுரமூலிக் கொடி ரோஜா அழகிக்கு உணவு. அதை வாங்கும்போது எந்த இனம் என்று நன்றாக விசாரியுங்கள். அதே குடும்பத்தில் தென் அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு அலங்காரக் கொடி, பெரிய திட்டுத்திட்டான ஊதாப் பூவுக்காக விற்கப்படுகிறது. ஆஸ்திரேலியாவின் ரிச்மண்ட் பேர்ட்விங் என்ற பெரிய வண்ணத்துப்பூச்சி தன் சொந்தக் கொடியென்று நினைத்து அதில் முட்டையிட்டு, பொரித்த புழுக்கள் இலையைத் தின்று இறந்துபோனது நன்றாகப் பதிவான செய்தி. தப்பான செடி நட்டால் பயன் இல்லை என்பது மட்டும் இல்லை, அது பொறியாகவும் ஆகிவிடும்.

கன்றா, விதையா, குச்சியா?

கன்று வாங்கினால் இந்தப் பருவத்திலேயே முட்டை பார்க்கலாம். விதை போட்டால் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் புழுவைத் தாங்கும் அளவுக்கு வர ஓராண்டுக்கு மேல் ஆகும். இந்த வேகத்துக்காகவே நர்சரிக்குப் போகிறோம். ஆனால் அங்கே செடி பளபளவென்று ஒரு ஓட்டை கூட இல்லாமல் நிற்கிறதென்றால், எனக்கு அது சந்தேகத்தைத்தான் தரும். செடிக்குள்ளேயே ஊடுருவும் பூச்சிக்கொல்லிகளை வேரில் ஊற்றியிருந்தால் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் இலையில் நஞ்சு இருக்கும். கழுவினால் போகாது. மருந்து அடித்தீர்களா என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் அந்தக் கன்றை வாங்கினாலும் முதல் சில மாதம் மெல்லிய வலையால் மூடி வைத்து, முட்டையிட விடாமல் வளருங்கள். பழைய இலைகள் உதிர்ந்து புதுத் தழை நிறைந்த பிறகு வலையை எடுக்கலாம். இலையில் அசுவினியும் ஒன்றிரண்டு கடித்த ஓட்டைகளும் இருக்கும் கன்று கிடைத்தால் யோசிக்காமல் வாங்கலாம்.

எருக்கு, அரளி இரண்டுக்கும் நர்சரி தேவையே இல்லை. பென்சில் தடிமனுக்குக் குச்சி வெட்டி, பால் வடிந்து காயும்வரை நிழலில் வைத்து, மணல் கலந்த மண்ணில் ஊன்றினால் போதும். கறிவேப்பிலையில் தாய்ச்செடியின் வேரிலிருந்து கிளம்பும் பக்கக்கன்றைப் பிரித்து நடுவது விதையை விட வேகம். விதைதான் கிடைத்தது என்றால் பழுத்த பழத்திலிருந்து எடுத்ததும் போட்டுவிட வேண்டும். காய்ந்தால் முளைப்பு சீக்கிரம் குறைந்துவிடும்.

எந்த வழியில் வந்த செடியானாலும் நட்ட பிறகு மருந்து கிடையாது. இயற்கை மருந்தும் கிடையாது. வேப்பெண்ணெய் புழுவின் தோலுரிப்பைக் கெடுக்கும், பி.டி. என்ற பாக்டீரியா மருந்து புழுக்களைக் கொல்வதற்கென்றே உள்ளது. எருக்கிலும் அரளியிலும் மஞ்சள் அசுவினி அப்பியிருந்தால் முட்டை இல்லாத இலையாகப் பார்த்துத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள், அல்லது விரலால் நசுக்கிவிடுங்கள்.

வீட்டுக்குள், செடியில், வலையில்

சரி, முட்டை வந்துவிட்டது. இனி என்ன செய்வது? கட்டுரையின் முக்கியமான இடம் இதுதான்.

செடியிலேயே விட்டுவிட்டால் பெரும்பாலானவை பிழைக்காது. மொனார்க்கை எடுத்துக்கொண்டால் நூறு முட்டையில் பத்துக்கும் குறைவானவையே பூச்சியாகின்றன என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. எறும்பு, சிலந்தி, கும்பிடு பூச்சி, குளவி, பறவை, எல்லாம் வரும். முட்டைக்குள்ளேயே தன் முட்டையை வைக்கும் நுண்குளவியும், புழுவுக்குள் வளரும் ஒட்டுண்ணி ஈயும் உண்டு. பார்க்க வேதனையாக இருக்கும், இருந்தாலும் இது இயற்கையின் கணக்குதான். ஒரு பெண் பூச்சி நூற்றுக்கணக்கில் முட்டையிடுவது இதற்காகத்தான். தினமும் நேரம் ஒதுக்க முடியாதவர்களுக்கு இதுவே சரியான வழி. செடிகளைக் கூட்டுங்கள், புழுவைத் தொடாதீர்கள்.

வீட்டுக்குள் பெட்டியில் வைத்து வளர்த்தால் எதிரிகளிடமிருந்து தப்பிக்கும், கண் முன்னால் எல்லாம் தெரியும். ஒரு குழந்தைக்கு ஒரே ஒரு புழுவின் முழு வாழ்க்கையையும் காட்ட வேண்டுமென்றால் இதைப் போல வேறு வழி இல்லை. ஆனால் பத்து இருபது என்று பெருக்கும்போதுதான் தொல்லை ஆரம்பம். பறித்த இலை சில மணி நேரத்தில் வாடும். தண்ணீர்ப் புட்டியில் செருகினால் புழு அதற்குள் விழும், வாயைப் பஞ்சால் அடைக்க வேண்டும். எச்ச உருண்டைகளைத் தினமும் அகற்றாவிட்டால் ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். நெருக்கத்தில் ஒரு புழுவுக்கு வரும் நோய் எல்லாவற்றுக்கும் பரவும். புழு கருத்து, தளர்ந்து, தலைகீழாகத் தொங்கி நீராக வடிந்தால் அது வைரஸ் அல்லது பாக்டீரியா நோய். அப்போது அந்தப் பெட்டியையே காலி செய்ய வேண்டியிருக்கும். ஏசி அறையில் வளர்ச்சி மந்தமாகும். இரவெல்லாம் விளக்கு எரியும் அறையில் பகல் எது, இரவு எது என்ற கணக்கும் குழம்பும்.

வலசை போகும் இனங்களில் இன்னொரு கேள்வியும் எழுந்தது. 2019இல் வந்த ஓர் ஆய்வில், வீட்டுக்குள் வளர்த்த மொனார்க்குகளைச் சோதித்தபோது அவை வழக்கமான தென்திசையை நோக்கவில்லை. 2021இல் வந்த இன்னொரு ஆய்வு, உள்ளே வளர்த்தவற்றை வெளியே பறக்கவிட்ட பிறகு பின்தொடர்ந்து பார்த்தது. பெரும்பாலானவை சரியான திசையில் போயின. ஆகவே உள்ளே வளர்த்தால் திசையே போய்விடும் என்று அடித்துச் சொல்ல முடியாது. நம் தோட்டத்து எலுமிச்சை அழகிக்கு அந்தக் கவலையே இல்லை. இங்கே பிரச்சினை நெருக்கமும் நோயும்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது வழி. புழுவைச் செடியிலிருந்து எடுப்பதே இல்லை, இருக்கும் கிளைக்கே வலைப்பை மாட்டிவிடுவது. இலை வாடாது, வெயிலும் காற்றும் இரவின் குளிரும் இயல்பாகக் கிடைக்கும், கூட்டுப்புழுவாகும் இடத்தையும் புழுவே தேர்ந்துகொள்ளும். மெல்லிய கொசுவலைத் துணியில் இரண்டு பக்கமும் திறந்த ஒரு நீளப் பை தைத்தால் போதும். ஒரு பக்கத்தைக் கிளையின் அடியிலும் இன்னொன்றை நுனிக்கு அப்பாலும் நாடாவால் கட்டுங்கள். இரண்டு பக்கமும் திறந்த பையைச் சொல்வதற்குக் காரணம், கீழ்முடிச்சை அவிழ்த்து உலுக்கினால் எச்சம் கொட்டிவிடும், புழு தன் இடத்திலேயே இருக்கும். பிளாஸ்டிக் பை கூடவே கூடாது. பகல் வெயிலில் உள்ளே வெந்துவிடும்.

மாட்டுவதற்கு முன் கிளையை இலை இலையாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு சின்னச் சிலந்தியோ இரண்டு எறும்போ உள்ளே மாட்டினால், பாதுகாப்புப் பை அவற்றுக்குச் சாப்பாட்டுப் பெட்டியாகிவிடும். அடிமுடிச்சில் கிளையைச் சுற்றிக் கொஞ்சம் பஞ்சு வைத்துக் கட்டினால் எறும்பு நுழையும் இடுக்கு அடைபடும். எப்போது மாட்டுவது என்பதும் முக்கியம். முட்டையை விடக் குட்டியான நுண்குளவியைக் கொசுவலை தடுக்காது, ஆனால் புழுவில் முட்டை வைக்கும் ஈயையும் பெரிய குளவியையும் பறவையையும் தடுக்கும். ஆகவே முட்டை பொரிக்கும் தருவாயிலேயே மாட்டிவிட வேண்டும். புழு பெரிதான பிறகு மாட்டினால், ஏற்கெனவே உள்ளே ஒட்டுண்ணி இருக்க வாய்ப்பு அதிகம்.

ஒரு கிளைக்கு எத்தனை புழு என்றால், கறிவேப்பிலையில் இரண்டு, பெரிய எலுமிச்சைக் கிளையில் மூன்று, எருக்கில் நாலைந்து. அதற்கு மேல் இருந்தால் வேறு கிளைக்கு மாற்றுங்கள், கையால் பிடுங்க வேண்டாம், அது உட்கார்ந்திருக்கும் இலைத் துண்டோடு வெட்டிப் புதுக் கிளையில் வைத்தால் தானே நகர்ந்துகொள்ளும். அசையாமல் தலையைத் தூக்கியபடி இருக்கும் புழு தோலுரிக்கப் போகிறது. அதை ஒரு நாள் தொடாதீர்கள்.

இந்த வழியிலும் குறை இருக்கிறது. கன்று குட்டியாக இருந்தால் கிளை பையின் எடையைத் தாங்காது, ஒரு குச்சி ஊன்றி முட்டுக் கொடுக்க வேண்டும். பலத்த காற்று அடிக்கும் மாடியில் பை இலைகளோடு உரசும். அங்கே தொட்டியையே சுவரோரம் நகர்த்தி, முழுச் செடிக்கும் ஒரு பெரிய வலைக்கூடு போடுவது சுலபம்.

மூன்றையும் கலக்கவும் செய்யலாம், நான் செய்வதும் அதுதான். பெரும்பாலான முட்டைகளைச் செடியில் அப்படியே விட்டு, ஒன்றிரண்டு கிளைக்கு மட்டும் பை மாட்டுகிறேன். பொரித்த எல்லாவற்றையும் காப்பாற்றினால் தின்ன இலை போதாது. சிலந்திக்கும் குருவிக்கும் பங்கு போகத்தான் வேண்டும்.

கூட்டுப்புழுவான பிறகு பையைத் தளர்த்தி, துணி அதன் மேல் படாமல் விரித்து வையுங்கள். எலுமிச்சை அழகி இடுப்பில் ஒரு நூல் கட்டிச் சாய்ந்திருக்கும், வெந்தய வரியன் நுனியில் மட்டும் பிடித்துத் தொங்கும். இரண்டுக்குமே வெளிவரும் பூச்சி சிறகைத் தொங்கவிட்டு விரிக்கக் கீழே வெற்றிடம் வேண்டும். தோல் கண்ணாடி மாதிரியாகி உள்ளே சிறகின் நிறம் தெரிந்தால் அடுத்த நாள் காலைக்குள் வந்துவிடும். வந்ததும் செம்பழுப்பில் ஒரு நீர் சொட்டும், அது ரத்தம் இல்லை, கூட்டுக்குள் சேர்ந்த கழிவு. சிறகு விரிந்து காய்ந்து உறுதியாக இரண்டு மூன்று மணி நேரமாவது ஆகும். அதுவரை பையைத் திறக்காதீர்கள், வெயில் ஏறிய பிறகு திறந்துவிட்டால் தானே போகும். மழையாகவோ மந்தாரமாகவோ இருந்தால் ஒரு நாள் பொறுக்கலாம், முதல் நாள் அதற்குத் தீனி தேவைப்படாது.

காலியான பையை வெந்நீரில் அலசி வெயிலில் காயவைத்து எடுத்து வையுங்கள். மொட்டையான கிளையைப் பாதியாகக் கவாத்து செய்து, அடியில் கொஞ்சம் தொழுவுரம் போட்டால், அடுத்த தளிர் வரும்போது அடுத்த முட்டைக்குச் செடி தயாராக இருக்கும்.